கடை அலமாரி எப்படி ஒரே நாளில் காலியாகிறது?

எங்கள் வீட்டில் கை கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கிற அலமாரியைப் போன மாதம் ஒழித்துப்போட்டபோது, பின்வரிசையிலிருந்து ஐந்து சானிடைசர் பாட்டில்கள் வெளியே வந்தன. ஐந்தும் 2020 மார்ச்சில் வாங்கியவை, ஐந்தும் காலாவதியாகி வருஷக்கணக்காகிறது, அதில் மூன்றின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. வாங்கியது நான்தான். அன்றைக்கு யாராவது "பீதியில் வாங்குகிறீர்களா?" என்று கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். பீதியாவது ஒன்றாவது, கடையில் ஆறு பாட்டில்தான் மிச்சம் இருந்தது, ஐந்தை எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டுவைத்தேன், அவ்வளவுதான் (அந்த ஒன்றை விட்டதற்காக என்னைப் பெருந்தன்மையான ஆள் என்று வேறு நினைத்துக்கொண்டேன்).

நோய் பரவுகிறது என்று செய்தி வந்ததும் ஜனங்கள் ஏன் இப்படிக் கடைக்கு ஓடுகிறார்கள்? பேனிக் பையிங் என்று சொல்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன். பீதியில் வாங்கிக் குவிப்பது. முதலில் இதையும் பதுக்கலையும் பிரித்துவிடலாம், ஏனென்றால் செய்திகளில் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள். பதுக்குகிறவன் லாபத்துக்காகச் செய்கிறான். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறான். அவனுக்குப் பீதியே கிடையாது, சொல்லப்போனால் அந்த நேரத்தில் ஊரிலேயே நிதானமாக இருக்கிற ஆள் அவன்தான். பீதியில் வாங்குகிறவர் தன் வீட்டுக்கு வாங்குகிறார், யாருக்கும் விற்கப்போவதில்லை, பல நேரம் அவரே பயன்படுத்தப்போவதும் இல்லை. அலமாரி காலியான படத்தைப் பார்த்ததும் "எவனோ பேராசைக்காரன் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டான்" என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம், கற்பனைக் கணக்குதான். ஒரு கடையை நம்பி 300 குடும்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் 15 நாளைக்கு ஒரு பாக்கெட் சோப்புத்தூள் வாங்குகிறது. அப்படியானால் கடையில் ஒரு நாளைக்குச் சராசரியாக 20 பாக்கெட் போகும். கடைக்காரர் கெட்டிக்காரர், மூன்று நாளைக்குத் தாங்குகிற மாதிரி 60 பாக்கெட் கையில் வைத்திருக்கிறார். அதற்கு மேல் வைத்தால் இடமும் போச்சு, போட்ட பணமும் முடங்கிப்போகும். இந்த ஏற்பாடு வருஷம் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

இப்போது ஒரு செய்தி வருகிறது. 300 குடும்பங்களில் 220 குடும்பம் கண்டுகொள்ளவே இல்லை. மீதி 80 குடும்பம் மட்டும், "அடுத்த வாரம் வாங்க வேண்டியதை இன்றைக்கே வாங்கிவிடலாமே" என்று கிளம்புகிறது. ஆளுக்கு ஒரே ஒரு பாக்கெட். யாரும் வண்டி நிறைய அள்ளவில்லை, யாரும் சண்டை போடவில்லை. மதியத்துக்குள் அலமாரி காலி. 61-ஆவது ஆள் வந்து நிற்கும்போது விலை எழுதிய சீட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

நாலில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவான பேர் சும்மா இருந்தும், மீதிப் பேர் ஒரு பாக்கெட்டுக்கு மேல் தொடாமல் இருந்தும் கடை காலி. உற்பத்தி ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அந்த 60 பாக்கெட்டும் எங்கேயும் மாயமாகவில்லை, கடையின் அலமாரியிலிருந்து வீட்டு அலமாரிகளுக்கு இடம் மாறியிருக்கின்றன. தட்டுப்பாடு என்று நாம் சொல்வது பல நேரம் இந்த இடமாற்றத்தைத்தான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2020 மார்ச்சில் பிரிட்டனில் சூப்பர் மார்க்கெட்டுகள் துடைத்து வைத்த மாதிரி ஆனபோது, வீடுகளின் கொள்முதலைக் கணக்கெடுக்கும் கான்டார் நிறுவனம் என்ன கண்டது தெரியுமா? திரவ சோப்பு வாங்கியவர்களில் 6 சதவீதம் பேரும், உலர் பாஸ்தா வாங்கியவர்களில் 3 சதவீதம் பேரும்தான் வழக்கத்துக்கு மாறான பெரிய அளவில் வாங்கியிருந்தார்கள். மற்றவர்கள் கூடைக்குச் சில சாமான் கூடுதலாகப் போட்டார்கள், வழக்கத்தைவிட அடிக்கடி கடைக்குப் போனார்கள். அந்தச் சில்லறைச் சில்லறையான கூடுதல்தான் மலையாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பு இருந்ததைவிட 100 கோடி பவுண்ட் மதிப்புள்ள உணவு மக்களின் வீடுகளில் கூடுதலாக இருக்கிறது என்று அந்த நாட்டுச் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் தலைவர் சொன்னார். முதலில் அதில் கொஞ்சத்தைச் சாப்பிடுங்கள் என்றும் சொன்னார்.

சரி, அந்த 80 குடும்பம் ஏன் அன்றைக்கே கிளம்பியது?

நோய்க்குப் பயந்து என்றுதான் எல்லாரும் சொல்வோம். எனக்கு அது பாதி பதில் என்றுதான் படுகிறது. நோய்க்குப் பயந்தால் மருந்து வாங்கலாம், முகக்கவசம் வாங்கலாம், ஏன் டாய்லெட் பேப்பர்? கொரோனா சுவாச நோய். டாய்லெட் பேப்பரால் அதைத் தடுக்கவும் முடியாது, வந்தால் தீர்க்கவும் முடியாது. ஆனாலும் 2020 பிப்ரவரி 17 அன்று ஹாங்காங்கின் மாங்காக் பகுதியில், கத்தியோடு வந்த மூன்று பேர் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் சரக்கு இறக்க வந்தவரை மிரட்டி 600 டாய்லெட் பேப்பர் ரோல்களைக் கொள்ளையடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவில் ஒரு நாளிதழ், அவசரத்துக்கு உதவட்டும் என்று எட்டுப் பக்கங்களை ஒன்றுமே அச்சடிக்காமல் வெறுமையாக விட்டு வெளியிட்டது. வேடிக்கைதான், ஆனால் இந்த வேடிக்கைக்குள் விஷயம் இருக்கிறது.

இங்கே மக்கள் பயந்தது வைரஸைப் பார்த்து இல்லை, பக்கத்து ஆளைப் பார்த்து. அவர் வாங்கிவிட்டால் எனக்கு இல்லாமல் போய்விடுமே என்ற பயம். பந்திக்கு முந்து என்பது சும்மா சொன்ன வார்த்தையா? கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் பாதி அயிட்டம் வராமல் எழுந்து வந்தவனுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும்.

இதைத் துல்லியமாகக் காட்டியது ஜப்பான். 2020 பிப்ரவரி கடைசியில் அங்கே ஒரு வதந்தி கிளம்பியது: டாய்லெட் பேப்பர் சீனாவிலிருந்து வருகிறது, இனி வராது என்று. உண்மையில் ஜப்பானில் விற்கும் டாய்லெட் பேப்பரில் கிட்டத்தட்ட முழுவதும் அந்த நாட்டிலேயே தயாராவது. அதனால் ஆயிரக்கணக்கானோர் ட்விட்டரில் உடனே மறுப்பு எழுதினார்கள், "இது பொய், நம்பாதீர்கள், பேப்பர் தாராளமாக இருக்கிறது." பிற்பாடு ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை எடுத்து அலசியபோது தெரிந்தது என்னவென்றால், மூல வதந்தியைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான், மறுப்பைப் பார்த்தவர்கள்தான் ஏராளம். மறுப்பு பரவப் பரவக் கடைகள் காலியாயின.

ஏன் என்று கொஞ்சம் அந்த இடத்தில் நின்று யோசியுங்கள். மறுப்பைப் படிக்கிறவருக்கு இரண்டு தகவல் ஒன்றாகக் கிடைக்கிறது. ஒன்று, பேப்பர் தட்டுப்பாடு இல்லை. இரண்டு, தட்டுப்பாடு என்று நம்புகிற ஆட்கள் எங்கேயோ இருக்கிறார்கள். முதல் தகவல் அவரை நிம்மதிப்படுத்த வேண்டும். ஆனால் இரண்டாவது? "நான் நம்பவில்லை, எனக்கு விவரம் தெரியும். ஆனால் அந்த விவரங்கெட்ட கூட்டம் போய் எல்லாவற்றையும் வாங்கிவிடுமே!" அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். கடைக்குப் போனால் அங்கே வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் அவரைப் போலவே விவரம் தெரிந்தவர்கள்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார், தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் ஆரூடம் என்று தமிழில் சொல்லலாம். அவர் சொன்ன உதாரணம் வங்கி. நல்ல நிலையில் இருக்கிற வங்கியைப் பற்றி, அது திவாலாகப்போகிறது என்று ஒரு புரளி கிளம்புகிறது. எல்லாரும் போய்ப் பணத்தை எடுக்கிறார்கள். வங்கி நிஜமாகவே திவாலாகிறது. புரளி பொய்யாகத்தான் பிறந்தது, ஜனங்கள் நம்பியதால் உண்மையாகிவிட்டது. இப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க வங்கிக்கு ஓடுவதைக் கணக்கு வடிவில் விளக்கிய டக்ளஸ் டைமண்டும் பிலிப் டிப்விக்கும் 2022-இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கினார்கள். சோப்புத்தூள் அலமாரியும் வங்கி மாதிரிதான், எல்லாரும் ஒரே நாளில் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இரண்டும் திறந்திருக்கின்றன.

இப்போது அலமாரி முன்னால் நிற்கிற அந்த நிமிஷத்துக்கு வருவோம். கையில் கூடை. அலமாரியில் மூன்று பாக்கெட் மிச்சம். வீட்டில் அரைப் பாக்கெட் இருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை. எடுப்பதா வேண்டாமா? மனசு போடுகிற கணக்கு இதுதான். எடுத்துவிட்டேன், அப்புறம் தட்டுப்பாடே வரவில்லை: என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை, அடுத்த மாதம் வாங்க வேண்டியது மிச்சம். எடுக்கவில்லை, தட்டுப்பாடு வந்துவிட்டது: வீட்டில் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும், "அன்றைக்கே கண்ணால் பார்த்தேன், விட்டுவிட்டேன்" என்று வாழ்நாள் முழுக்கப் புலம்ப வேண்டும். ஒரு தட்டில் ஒன்றுமில்லை, இன்னொரு தட்டில் பெரிய வருத்தம். யாராக இருந்தாலும் கை நீளத்தான் செய்யும். இதை முட்டாள்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, தனி ஆளாகப் பார்த்தால் இது சரியான முடிவு. ஆயிரம் பேர் ஒரே நாளில் இதே சரியான முடிவை எடுக்கிறார்கள் என்பதுதான் வில்லங்கம்.

டாய்லெட் பேப்பருக்கும் சோப்புக்கும் மாட்டுகிற அதிர்ஷ்டம் இதனால்தான். கெட்டுப்போகாது. எப்படியும் ஒரு நாள் செலவாகும். வாங்கியதற்காக வருத்தப்பட வாய்ப்பே இல்லை. போதாக்குறைக்கு டாய்லெட் பேப்பர் மூட்டை பார்க்கப் பெரிதாக இருக்கும், அதனால் அலமாரியில் கொஞ்சம்தான் அடுக்க முடியும், இருபது மூட்டை போனாலே ஒரு சுவர் முழுக்கக் காலியான மாதிரி தெரியும். அதே இருபது பேர் இருபது தீப்பெட்டி எடுத்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. காலி அலமாரியை யாராவது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். நிறைந்திருக்கிற அலமாரியை யார் படம் எடுக்கப்போகிறார்கள்? பத்துக் கடையில் ஒன்பது நிறைந்திருந்தாலும் நம் கைப்பேசிக்கு வந்து சேர்வது அந்தப் பத்தாவது கடைதான்.

மிச்சம் குறையக் குறையப் பொருள் மேல் ஆசை கூடும் என்பதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. 1975-இல் உளவியலாளர் ஸ்டீஃபன் வொர்ச்சலும் கூட்டாளிகளும் செய்தது. சிலருக்குப் பத்து பிஸ்கட் இருக்கிற ஜாடியிலிருந்தும், சிலருக்கு இரண்டே பிஸ்கட் இருக்கிற ஜாடியிலிருந்தும் ஒன்றைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். பிஸ்கட் எல்லாம் ஒரே ரகம்தான். இரண்டு இருந்த ஜாடி பிஸ்கட்தான் வேண்டும் வேண்டும் என்று தோன்றியது. கண்ணெதிரே பத்து இரண்டாகக் குறைந்தபோது ஆசை இன்னும் கூடியது, மற்றவர்கள் எடுத்ததால்தான் குறைந்தது என்று தெரிந்தபோது அதைவிடவும் கூடியது. ஆனால் ருசி கூடியதாக அவர்கள் சொல்லவில்லை. என் ஆறு பாட்டில் கதையும் அதேதான். அலமாரியில் அறுபது பாட்டில் இருந்திருந்தால் ஒன்றோடு வந்திருப்பேன்.

இழப்பு என்றால் மனசு எப்போதும் கொஞ்சம் அதிகமாகத்தான் பதறும். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கியது இது: நூறு ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைகிற வலி பெரிது. அதனால் "வாங்கினால் நிம்மதி" என்கிற விளம்பரத்தைவிட "விட்டால் கிடைக்காது" என்கிற பேச்சு நம்மை வேகமாக நடக்க வைக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுதான் கொஞ்சம் மனசைத் தொடுவது. கண்ணுக்குத் தெரியாத கிருமி, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது, டாக்டர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள், வீட்டில் வயதான அம்மா இருமுகிறார். இதில் என் கையில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் கடைக்குப் போய் அலமாரியை நிரப்ப முடியும். அது என் கைக்கு எட்டுகிற வேலை. நிரப்பி முடித்து அலமாரிக் கதவைச் சாத்தும்போது, நோய்க்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வருகிறது. நோய் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அன்றிரவு தூக்கம் வருகிறது. அந்தத் தூக்கத்துக்காகத்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

2020-இல் பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் டாய்லெட் பேப்பர் சேமிப்பைப் பற்றிக் கேட்டு ஓர் ஆய்வு வந்தது. சுபாவத்திலேயே கவலைப்படுகிறவர்கள் அதிகம் வாங்கியிருந்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் எதையும் திட்டம் போட்டுச் செய்கிற, ஒழுங்கான ஆட்களும் அதிகம் வாங்கியிருந்தார்கள். ஆக, நெரிசலில் நின்றவர்கள் எல்லாரும் தலைகால் புரியாமல் ஓடியவர்கள் இல்லை, மாதக் கணக்கு நோட்டு போடுகிறவர்களும் அதில் இருந்தார்கள்.

நம்புகிற பொருள் நாட்டுக்கு நாடு, நோய்க்கு நோய் மாறும். 2003 பிப்ரவரியில் சார்ஸ் நோய் பற்றிய குறுஞ்செய்திகள் பரவியபோது சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஜனங்கள் போட்டி போட்டு வாங்கியது வினிகர், காய்ச்சி ஆவி பிடித்தால் கிருமி சாகும் என்று. அந்த ஏப்ரல் 1 அன்று ஹாங்காங்கில் 14 வயதுப் பையன் ஒருவன் பிரபலப் பத்திரிகையின் இணையதளம் போலவே ஒரு போலிப் பக்கம் செய்து, நகரம் நோய்ப் பகுதியாக அறிவிக்கப்படப்போகிறது என்று எழுதிவிட்டான். அன்றைக்கே சூப்பர் மார்க்கெட்டுகளில் கூட்டம் அலைமோதியது, பையன் கைதானான். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்ததும் சீனாவில் அயோடின் உப்பு காணாமல் போனது. கதிர்வீச்சிலிருந்து காக்க வேண்டுமானால் அயோடின் அளவு மிகப் பெரிதாக வேண்டும், சமையல் உப்பில் இருப்பது அதற்குக் கால்தூசி பெறாது. ஆனால் வரிசையில் நிற்கும்போது யார் வேதியியல் பார்க்கிறார்கள்?

கிடங்குக்குள் நடப்பது

"சரி, வாங்கிவிட்டார்கள், மறுநாள் லாரியில் கொண்டுவந்து இறக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் சுற்றி வரும்.

நம் கற்பனைக் கடைக்காரரிடமே போவோம். ஒரே நாளில் 60 பாக்கெட் போய்விட்டது, வாங்க முடியாமல் திரும்பியவர்கள் 20 பேர். அவர் என்ன நினைப்பார்? தேவை நாலு மடங்கு ஆகிவிட்டது என்று நினைத்து, இனிமேலும் ஏமாறக் கூடாது என்று 60-க்குப் பதில் 200 பாக்கெட் ஆர்டர் போடுவார். அவரைப் போல நூறு கடைக்காரர்கள் போட்டதைப் பார்த்து மொத்த வியாபாரி அரண்டுபோய், தான் ஒரு பங்கு கூட்டி ஆலைக்கு ஆர்டர் போடுவார். ஆலைக்காரர் மூலப்பொருளுக்கு இன்னும் கூட்டி எழுதுவார். கடையில் எழுந்த சின்ன அலை ஆலைக்குப் போய்ச் சேரும்போது சுனாமி. சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி பெரிதாகச் சுழல்கிற மாதிரி என்பதால் இதைச் சாட்டை விளைவு என்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர் 1960 வாக்கிலேயே இதை விளக்கிவிட்டார். குழந்தைகளின் டயப்பர் வியாபாரத்தில்கூட இது தெரிந்திருக்கிறது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் ஈரம் செய்கின்றன, ஆனால் ஆலைக்கு வருகிற ஆர்டர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

இதோடு இன்னொரு சிக்கல். டாய்லெட் பேப்பர் மாதிரி சாமானுக்குத் தேவை வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதால், ஆலைகள் ஏற்கெனவே இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று கூட்டு என்றால் எதைக் கூட்டுவது? ஊரடங்கு வந்தபோது அலுவலகத்திலும் பள்ளியிலும் ஹோட்டலிலும் செலவான பேப்பர் எல்லாம் வீட்டில் செலவாகத் தொடங்கியது. எல்லாரும் வீட்டிலேயே இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வழக்கத்தைவிட 40 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும் என்று அமெரிக்காவின் பெரிய காகித நிறுவனம் ஒன்று கணக்கிட்டது. ஆகவே கூடுதல் வாங்கல் முழுவதும் பீதி இல்லை, ஒரு பங்கு நிஜத் தேவை. இதைப் பல பேர் மறந்துவிட்டுச் சிரித்தார்கள், நானும்தான். அலுவலகங்களுக்குப் போகிற பேப்பர் வேறு ரகம், ரோல் பெரிது, மூட்டை பெரிது, போகிற வழியும் வேறு. ஒரு பக்கம் கிடங்கில் தேங்கிக் கிடக்கும், இன்னொரு பக்கம் அலமாரி காலியாக இருக்கும்.

"பயப்பட வேண்டாம்" என்று சொன்னால்

அரசாங்கம் வந்து பயப்பட வேண்டாம் என்று சொன்னால் சரியாகிவிடும் என்று தோன்றும். அப்படிச் சொல்வதே பல நேரம் மணி அடிப்பது மாதிரி ஆகிவிடுகிறது. ஒன்றும் இல்லையென்றால் எதற்குச் சொல்கிறார்கள்? 2020 பிப்ரவரி 7 அன்று சிங்கப்பூரில் நோய் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தியதும் அன்று மாலையே கடைகளில் கூட்டம். மறுநாள் பிரதமரே வீடியோவில் வந்து கையிருப்பு போதுமானது என்று விளக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே வேறு வழியில் போனார். மார்ச்சில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனவர், பத்து வருஷத்துக்கு மலம் கழிக்கத் தேவையான பேப்பர் நம்மிடம் இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நடந்தார். இந்த இரண்டாவது ரகப் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அமைதி காக்கச் சொல்கிறவரைப் பார்த்தால் எனக்கே வயிறு கலங்கும்.

மோசமானது என்று நான் நினைப்பது முகக்கவச விவகாரம். 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி ஜெரோம் ஆடம்ஸ், முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள், அது பொதுமக்களுக்கு நோய் வராமல் தடுக்காது, ஆனால் மருத்துவப் பணியாளர்களுக்குக் கிடைக்காமல் போனால் எல்லாருக்கும் ஆபத்து என்கிற மாதிரி ட்விட்டரில் எழுதினார். படிக்கிறவர் என்ன புரிந்துகொள்வார்? பயனில்லாத பொருள் என்றால் மருத்துவருக்கு எதற்கு? ஏப்ரல் 3 அன்று அதே அரசு, எல்லாரும் துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்றது. முன்பே வாங்கி வைத்தவர்கள் "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்" என்றார்கள். உண்மையை நேராகச் சொல்லியிருக்கலாம்: பயன் இருக்கிறது, இப்போது போதுமான அளவு இல்லை, முதலில் நோயாளிகளைத் தொடுகிறவர்களுக்குப் போகட்டும், உங்களுக்கு இன்ன தேதியில் வரும் என்று. அதைச் சொல்லத் தைரியம் வேண்டும்.

சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டிய பக்கமும் இதுதான். டாய்லெட் பேப்பர் இல்லாமல் யாரும் சாகவில்லை. ஆனால் 2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது வேறு கதை. மருத்துவப் பணியாளர்களுக்கான பாதுகாப்புச் சாமான்கள் கிடைக்காமல் போனதற்கு அது சொன்ன காரணங்களில் பீதியில் வாங்குவதும் பதுக்கலும் இருந்தன. அறுவை சிகிச்சை முகக்கவசத்தின் விலை அதற்குள் ஆறு மடங்கு, என்-95 விலை மூன்று மடங்கு, மருத்துவ அங்கியின் விலை இரண்டு மடங்கு. அதே மார்ச்சில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவைக் குணப்படுத்தும் என்று பேச்சு கிளம்பியதும் அந்த மாத்திரை தட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. லூபஸ் நோய்க்காக வருஷக்கணக்காகத் தினமும் அதைச் சாப்பிடுகிறவர்கள் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தார்கள். அவர்களுக்கு அது ஜாக்கிரதைக்கு வாங்கி வைக்கிற பொருள் இல்லை, அன்றைய மாத்திரை.

பிரிட்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் ஒருவர், 48 மணி நேர வேலையை முடித்துவிட்டுக் கடைக்குப் போனால் பழமும் இல்லை காய்கறியும் இல்லை என்று காரில் உட்கார்ந்து அழுத வீடியோ அப்போது உலகம் முழுக்கச் சுற்றியது. வேலை நேரம் முடிந்து வருகிறவருக்குக் கடைசிப் பந்திதான். தினக்கூலி வாங்குகிறவருக்கும் அப்படித்தான். இரண்டு மாதச் சாமானை ஒரே நாளில் வாங்கக் கையில் பணம் இருக்கிறவர்கள்தான் பீதியில் வாங்கவே முடியும். கூலிக்காரர் சனிக்கிழமை பணத்தோடு வரும்போது மலிவான சின்னப் பாக்கெட் எல்லாம் போய், விலை அதிகமான பெரியது மட்டும் நிற்கும்.

என்னதான் செய்வது என்றால், அறிவுரையைவிட அளவு கட்டுப்பாடு நன்றாக வேலை செய்திருக்கிறது. தைவான் 2020 பிப்ரவரி 6 முதல் மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு முகக்கவசம் என்று கொடுத்தது, அடையாள எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து நாளையும் பிரித்துவிட்டது. கூடவே உற்பத்தியை ஒரு நாளைக்குச் சுமார் 20 லட்சத்திலிருந்து சில மாதங்களில் ஒரு கோடிக்கு மேல் கொண்டுபோனது. இரண்டு என்பது கம்மிதான், ஆனால் எனக்கான இரண்டு எங்கேயும் போகாது என்று தெரிந்துவிட்டால் பக்கத்து ஆளைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, முந்த வேண்டிய பந்தியே இல்லை. டென்மார்க்கில் ஒரு கடைக்காரர் இதை விலையிலேயே செய்து காட்டினார்: சானிடைசர் ஒரு பாட்டில் 40 குரோனர், இரண்டாக எடுத்தால் பாட்டிலுக்கு 1,000 குரோனர். ஒன்றோடு எல்லாரும் நகர்ந்தார்கள். ஆனால் கட்டுப்பாட்டைக் காலி அலமாரி முன்னால் நின்று அறிவித்தால் அதுவே அடுத்த புரளி, அலமாரி நிறைந்திருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

வீட்டில் கொஞ்சம் சேர்த்து வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பேரிடர்க் காலத்துக்கு முடிந்தால் பத்து நாள் உணவும் தண்ணீரும் வீட்டில் இருக்கட்டும் என்று ஜெர்மனி அரசாங்கமே தன் மக்களுக்குச் சொல்கிறது. அதை ஒன்றும் நடக்காத மாதங்களில், வாரம் ஒரு சாமான் கூடுதலாக வாங்கிச் சேர்த்தால் கடைக்கு அது உறைக்கவே உறைக்காது. செய்தி வந்த அன்றைக்கு நீங்கள் கடைக்குப் போக வேண்டியும் இருக்காது, அந்த 80 குடும்பம் 79 ஆகும்.

வாங்கிக் குவித்தவர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை, மெல்ல மெல்லப் பயன்படுத்தித் தீர்த்திருப்பார்கள். 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மட்டும் ஒருவர், 32 ரோல் கொண்ட டாய்லெட் பேப்பர் மூட்டை 150-ஐயும் சானிடைசர் 150 பாட்டிலையும் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் தரச் சொல்லிச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார். இணையத்தில் விற்கலாம் என்று வாங்கியிருந்தார், அந்த வழி அடைபட்டுவிட்டது. கடை முதலாளி நடுவிரலைக் காட்டி அனுப்பிவிட்டார். என் ஐந்து பாட்டிலில் திறக்காத மூன்றை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, துடைத்துத் திரும்ப அதே தொட்டிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.